‘பிரைட் ஸ்டார்’ பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

ஜேன் கேம்பியன் எழுதி இயக்கிய ‘பிரைட் ஸ்டார்’ 2009 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸுக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஃபேனி பிரானுக்கும் இடையே 1818 முதல் 1821 வரை இருந்த காதல்தான் கதை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழும் சந்தேகங்கள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். முடிவு வரை எல்லாம் பேசப்படுவதால், படம் பார்க்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு மீண்டும் வரலாம்.

1. இது நிஜமா நடந்த கதையா, இல்ல கற்பனையா?

நிஜம்தான். கீட்ஸ் 1795 அக்டோபர் 31 அன்று லண்டனில் பிறந்தார்; 1821 பிப்ரவரி 23 அன்று ரோமில் காசநோயால் இறந்தார். வயது 25. ஃபேனி 1800 ஆகஸ்டில் பிறந்தவர், கீட்ஸைச் சந்தித்தபோது 18 வயது. ஆண்ட்ரூ மோஷன் எழுதிய கீட்ஸின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துத்தான் கேம்பியன் திரைக்கதை எழுதினார். கீட்ஸ் பேசும் வசனங்களில் பல, அவர் ஃபேனிக்கு எழுதிய கடிதங்களிலிருந்து எடுத்தவை.

ஃபேனியின் பேச்சு அப்படியில்லை. அவர் கீட்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட இன்று இல்லை (காரணம் 13-ஆம் கேள்வியில்). எனவே கீட்ஸின் வரிகளுக்குச் சான்று உண்டு. ஃபேனியின் வரிகள் பெரும்பாலும் இயக்குநரின் ஊகம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும்.

2. ரொம்ப மெதுவா போகுது. அரை மணி நேரத்துல நிறுத்திட்டேன். எனக்குத்தான் ரசனை இல்லையா?

ரசனைக் குறை எதுவும் இல்லை. கவிஞனைப் பற்றிய படம் என்றதும் புகழ், எதிரிகள், வெற்றி என்று ஒரு கோடு நீளும் என எதிர்பார்க்கிறோம். இந்தப் படம் கதையை நிகழ்ச்சிகளால் நகர்த்துவதில்லை, பருவங்களால் நகர்த்துகிறது. கட்டிலில் படுத்திருப்பவள்மேல் ஜன்னல் திரை காற்றில் ஏறி இறங்குகிறது. நீலப்பூக்கள் நிறைந்த காட்டில் ஒருத்தி கடிதம் படிக்கிறாள். அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருந்தால் நிச்சயம் சலிக்கும்.

நடைமுறையாக மூன்று செய்யுங்கள். 119 நிமிடத்தையும் ஒரே அமர்வில் பாருங்கள். இரண்டு மூன்று துண்டாகப் பார்த்தால் பருவம் மாறுவது உறைக்காது. கவிதைகளைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள், அதனால் கைப்பேசி ஒலிபெருக்கி போதாது, காதுக்கருவி போட்டுக்கொள்ளுங்கள். கீட்ஸின் தம்பி டாம் இறக்கும் இடம்வரையாவது பொறுத்திருங்கள். அங்கேதான் ஃபேனி விளையாட்டுப் பெண் என்ற நிலையிலிருந்து மாறுகிறாள். அதற்கு முன்னால் நிறுத்தியவர்களுக்குப் படம் இன்னும் தொடங்கவே இல்லை.

3. கவிஞர் படம்னாங்க. ஆனா முக்கால்வாசி நேரம் அந்தப் பொண்ணு தைச்சுக்கிட்டே இருக்காளே?

இது ஃபேனியின் படம். முதல் காட்சியே துணிக்குள் ஊசி இறங்குவதுதான்: திரை முழுக்க நூலின் பிசிறும் துணியின் இழையும் தெரியும் அளவுக்கு அருகில். கீட்ஸ் சொல்லை வைத்துச் செய்வதை இவள் நூலை வைத்துச் செய்கிறாள் என்பதைக் கேம்பியன் அங்கேயே சொல்லிவிடுகிறார். தன் கைவேலைக்குக் காசு கிடைக்கிறது என்று கீட்ஸின் நண்பர் பிரவுனிடம் ஃபேனி திருப்பிக் கொடுப்பதும் வெறும் வாய்த்துடுக்கு இல்லை. அந்த வீட்டில் பேனா பிடித்த இருவரில் கீட்ஸுக்குக் கவிதையால் பிழைக்க வழியில்லை.

உண்மையான ஃபேனிக்கும் உடைகளில் ஆழ்ந்த அறிவு இருந்தது. ஆடை வடிவப் படங்களைச் சேர்த்து ஒட்டி ஒரு தொகுப்பே வைத்திருந்தார். படத்தில் அவர் பெருமையோடு காட்டும் மூன்றடுக்கு மடிப்புக் கழுத்துப் பட்டியை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். உடைகளை வடிவமைத்த ஜேனட் பேட்டர்சனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது இந்த நுணுக்கத்துக்காகத்தான். இன்னொரு இடம்: டாம் இறந்ததும் ஃபேனி இரவெல்லாம் விழித்து, அவன் தலைக்குக் கீழே வைக்க ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டு வருகிறாள். துக்க வீட்டில் அவள் ஆறுதல் சொல்வது அந்த உறையால்தான். காதல் தொடங்கும் இடம் எது என்று கேட்டால், அந்தத் தலையணை உறையைத்தான் காட்டுவோம்.

4. கீட்ஸ் கவிதை ஒண்ணுகூடப் படிச்சதில்ல. படம் புரியுமா?

புரியும். ஃபேனிக்கும் தொடக்கத்தில் கவிதை புரிவதில்லை. அவள் கற்கும்போதே நாமும் கற்கிறோம். ஏரியில் குதிப்பது உடனே கரைக்கு நீந்திப் போவதற்காக இல்லை, தண்ணீரில் இருப்பதற்காக என்று கீட்ஸ் அவளுக்கு விளக்குகிறார். கவிதை மட்டுமில்லை, இந்தப் படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

விருப்பமிருந்தால் மூன்றை மட்டும் முன்கூட்டியே படியுங்கள்: தலைப்புக்குக் காரணமான 14 வரிக் கவிதை, ‘லா பெல் டாம் சான் மெர்சி’, நைட்டிங்கேல் பறவையை நோக்கிப் பாடிய 80 வரிப் பாடல். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். கவிதை வரும் இடங்களில் வசனவரி காலை வாரும், ஏனென்றால் கண் அடுத்த வரிக்கு ஓடிவிடும், காது பின்தங்கிவிடும். கதை தெரிந்தபின் இரண்டாம் முறை பார்க்கும்போது, அந்த இடங்களில் மட்டும் வசனவரியை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

5. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருந்தாங்க? வீட்டு அமைப்பே பிடிபடல.

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த அந்த வீட்டுக்குப் பெயர் வென்ட்வொர்த் பிளேஸ். 1814-க்கும் 1816-க்கும் இடையே கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. உள்ளே நடுச்சுவர் பிரிக்கும் இரண்டு வீடுகள். நம் ஊரில் ஒரே கூரையின்கீழ் இரண்டு குடித்தனம் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் பொது. ஒரு பாதி சார்லஸ் பிரவுனுடையது, மற்றது டில்க் குடும்பத்துடையது. டாம் 1818 டிசம்பர் 1 அன்று இறந்ததும் கீட்ஸ் பிரவுனின் பாதியில் குடிவந்தார். 1819 ஏப்ரலில் டில்க் குடும்பம் வெளியேற, அந்தப் பாதிக்கு ஃபேனியும் தாயும் தம்பியும் தங்கையும் வந்தார்கள்.

ஆகவே, இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு சுவர் இருக்க, இருவரும் அதில் கைவைத்துத் தட்டிக்கொள்ளும் காட்சி கற்பனை என்றாலும், சுவர் நிஜம். பிரவுன் ஒவ்வொரு கோடையிலும் தன் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டுப் பயணம் போவார். அப்போதெல்லாம் கீட்ஸுக்கு வீடில்லை. 1819 கோடையில் வைட் தீவுக்குப் போனதும், 1820 மே மாதம் நோயோடு கென்டிஷ் டவுனில் அறை எடுத்ததும் இதனால்தான். ‘ஏன் இப்படிச் சும்மா சும்மா போய்விடுகிறார்’ என்று கோபப்படுபவர்களுக்கு இதுதான் பதில்.

படம் அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை. பெட்ஃபோர்ட்ஷயரிலுள்ள ஹைட் ஹவுஸில் எடுத்தார்கள். உண்மையான வீடு ‘கீட்ஸ் ஹவுஸ்’ என்ற பெயரில் 1925 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

6. ரெண்டு பேரும் விரும்பறாங்க, அம்மாவும் நல்லவங்க. கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே?

காசு. கீட்ஸுக்கு நிலையான வருமானம் எதுவும் இல்லை. பாட்டி வழி வரவேண்டிய சொத்து பாதுகாவலர் கையிலும் நீதிமன்றத்திலும் முடங்கிக் கிடந்தது. 1818-இல் வந்த ‘எண்டிமியன்’ நெடுங்கவிதையை இரண்டு பெரிய இதழ்கள் கிழித்துத் தொங்கவிட்டன. மனைவியையும் குடும்பத்தையும் தாங்க வழியில்லாதவன் பெண் கேட்பது அந்த வகுப்பில் மரியாதைக்குறைவு. திருமணத்துக்குப் பின் பெண்ணின் சொத்து கணவனுக்கே போய்விடும் சட்டம் இருந்த காலம் என்பதால், தாய் தயங்கியதைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. நிச்சயதார்த்தம் 1819 கடைசியில் நடந்திருக்கிறது, ஊருக்குச் சொல்லாமல்.

இதோடு சேர்ந்தே வரும் கேள்வி, கடைசி இரவில்கூட ஏன் விலகிப் படுக்கிறார்கள் என்பது. ஃபேனி தயாராக இருக்கிறாள். மனசாட்சி இருக்கிறது என்று கீட்ஸ் மறுக்கிறார். தான் திரும்ப மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அவர் போனபிறகு அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவள் அவள்.

7. வைத்தியம் படிச்சவர்தானே? டாக்டரா வேலை பார்த்திருந்தா பிரச்சினையே இல்லையே?

படித்தவர்தான். எட்மன்டனில் ஒரு மருத்துவரிடம் பயிற்சி, 1815 முதல் லண்டன் கைஸ் மருத்துவமனை, 1816-இல் உரிமம். பிறகு கவிதைக்காக விட்டுவிட்டார். மயக்கமருந்து வருவதற்கு முப்பது ஆண்டு முந்தைய அறுவைக்கூடம் அது. நோயாளி விழித்திருக்கும்போதே அறுப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பணமுடை முற்றியபோது, கப்பல் மருத்துவராகப் போகலாமா என்று அவர் யோசித்ததும் உண்டு. அந்தப் படிப்பு படத்தில் ஒரே ஓர் இடத்தில் கொடூரமாகத் திரும்பி வருகிறது. 11-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

8. நிஜ கீட்ஸ் இந்த நடிகர் மாதிரியா இருப்பார்?

இல்லை. கீட்ஸ் ஐந்தடிக்குச் சற்றே மேல், தோள் அகன்றவர், சின்ன வயதில் சண்டைக்காரர். அவராக நடித்த பென் விஷா மெலிந்து உயர்ந்தவர். ஃபேனி ஏறக்குறைய தன் உயரம்தான் என்று கீட்ஸே எழுதியிருக்கிறார். ஃபேனியாக நடித்த அப்பி கார்னிஷ் அப்படியில்லை. உருவம் பொருந்தாவிட்டாலும் குரல் பொருந்துகிறது. எங்களுக்கு அது போதும்.

9. அந்த பிரவுன் ஏன் இவ்வளவு கேவலமா நடந்துக்கறான்? உண்மையிலேயே அப்படியா?

பாதி உண்மை. பணிப்பெண் அபிகெய்லுக்கும் அவருக்கும் 1820-இல் மகன் பிறந்ததும், கீட்ஸோடு இத்தாலிக்குப் போகாததும் நடந்தவை. ஆனால் கீட்ஸை இருக்க வைத்து, கடன் கொடுத்து, எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்திப் படியெடுத்தவரும் அவரே. கீட்ஸ் நைட்டிங்கேல் பாட்டு எழுதிய துண்டுத் தாள்களைப் புத்தகங்களுக்குப் பின்னால் செருக, தான் மீட்டு எடுத்ததாகப் பிரவுன் பின்னாளில் எழுதினார்.

படத்தில் அவர் ஃபேனியைச் சீண்டுவதும், விளையாட்டாகக் காதல் வாழ்த்து அனுப்புவதும் பொறாமையால். யார்மீது பொறாமை என்பதில் பார்ப்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்: ஃபேனியைத் தானும் விரும்புகிறார் என்று ஒரு கட்சி, கீட்ஸின் நேரத்தை அவள் திருடுகிறாள் என்று கோபப்படுகிறார் என்று இன்னொரு கட்சி. நாங்கள் இரண்டாவது கட்சி. கடைசியில் ஜான் கீட்ஸைக் கைவிட்டுவிட்டேன் என்று உடைந்துபோகும்போது அவர் வாயில் ஃபேனியின் பெயர் இல்லை. உண்மையான பிரவுன் 1841-இல் நியூசிலாந்துக்குக் குடியேறி மறு ஆண்டே அங்கே இறந்தார். கேம்பியன் பிறந்த நாடும் அதுதான்.

10. அறை முழுக்கப் பட்டாம்பூச்சி விடறது அழகா இருந்தது. ஆனா அப்புறம் கத்தி கேட்கறப்ப எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கலாமா?

இரண்டு காட்சிகளும் 1819 கோடையைச் சேர்ந்தவை, ஒரே நூலில் கோத்தவை. அந்த ஜூலை 1 அன்று வைட் தீவிலிருந்து கீட்ஸ் எழுதினார்: நாம் இருவரும் பட்டாம்பூச்சிகளாக இருந்து மூன்றே மூன்று கோடைநாள் வாழ்ந்தால் போதும், சாதாரணமான ஐம்பது ஆண்டுகளில் அடங்காத இன்பத்தை அந்த மூன்று நாளில் நிரப்பிவிடுவேன் என்று. ஃபேனி அதை உருவகமாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி தங்கையோடு போய்ப் பிடித்துவந்து படுக்கையறையில் விடுகிறாள். ஜன்னலையும் மூடியாயிற்று. பிறகு அவை செத்துக் கிடக்கின்றன, கூட்டி அள்ளுகிறார்கள். கவிதையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கும் ஆயுள் மூன்று நாள்தான்.

கடிதம் வராத நாளில் குட்டித் தங்கை அம்மாவிடம் வந்து, அக்கா கத்தி கேட்கிறாள் என்கிறாள். எதற்கு? தன்னைக் குத்திக்கொள்ள. குழந்தை அதைச் சொல்லும் தொனி, உப்பு வேண்டுமாம் என்பதுபோல இருக்கும். சிரிப்பு வரத்தான் செய்யும், வரட்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதின் துயரம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பாகத்தான் தெரியும். அந்தச் சிரிப்பு கடைசிப் படிக்கட்டுக் காட்சியில் தொண்டையை அடைக்கும்.

11. ரத்தத்தைப் பார்த்த உடனே சாகப்போறோம்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சது?

1820 பிப்ரவரி 3 இரவு. காசு மிச்சம் பிடிக்கக் குதிரைவண்டியின் மேல்தட்டில், கடுங்குளிரில் உட்கார்ந்து வந்தார். படுக்கப் போகும்போது இருமல். விரிப்பில் ஒரு துளி. மெழுகுவத்தியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்த நிறத்தை எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், இந்தத் துளி என் மரண உத்தரவு என்றார் என்று உடனிருந்த பிரவுன் எழுதிவைத்திருக்கிறார். பளிச்சென்ற செந்நிறம் நுரையீரலில் ரத்தக்குழாய் அரிக்கப்பட்டதன் அறிகுறி. தாய் 1810-இலும் டாம் 1818-இலும் இதே நோயில் போனவர்கள்.

டாமை மாதக்கணக்கில் மூடிய அறையில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ். இந்நோய் தொற்றும் என்று இங்கிலாந்தில் பெரும்பாலோர் நம்பாத காலம். கிருமியை ஜெர்மன் மருத்துவர் கோஹ் கண்டறிந்தது 1882-இல். வைத்தியம் என்ற பெயரில் ரத்தம் எடுத்தார்கள், உணவைக் குறைத்தார்கள். ரோமில் நாளொன்றுக்கு ஒரு நெத்திலி போன்ற சிறு மீனும் ஒரு துண்டு ரொட்டியும்தான். நோயோடு சேர்ந்து வைத்தியமும் அவரை உருக்கியது.

12. ரோம்ல என்ன ஆச்சுன்னு காட்டவே இல்லையே? ஃபேனியும் கூடப் போயிருக்கலாம்ல?

மணமாகாத பெண் நோயாளியான ஆணோடு கடல் கடந்து போவது அன்று நடக்கிற காரியம் இல்லை. ஓவியர் ஜோசப் செவர்ன் துணைக்குப் போனார். 1820 செப்டம்பரில் கப்பல் புறப்பட்டது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பத்து நாள் தனிமைப்படுத்தல்; இறங்கியது அக்டோபர் 31, அவருடைய 25-ஆவது பிறந்தநாள். ரோமில் ஸ்பானியப் படிகளை ஒட்டிய வீடு.

படம் அங்கே போகாததற்குக் காரணம் 3-ஆம் கேள்வியில் இருக்கிறது: ஃபேனி இல்லாத இடத்தில் கேமராவுக்கு வேலை இல்லை. சதுக்கத்தில் சவப்பெட்டி வெளியே வருவது மட்டும் வந்துபோகும். செய்தி லண்டனை எட்ட மூன்று வாரம் ஆனது. அதாவது, இறந்துவிட்டவருக்காக அவர் வீட்டார் மூன்று வாரம் காத்திருந்தார்கள். கேட்டபின் ஃபேனி அமைதியாக எழுந்து போகிறாள், படிக்கட்டில் கால் மடிந்து விழுகிறாள், மூச்சு விட முடியவில்லை என்று அம்மாவை அழைக்கிறாள். பின்னணி இசை இல்லை. பார்த்தவர்கள் அதிகம் பேசுவது இந்தக் காட்சியைப் பற்றித்தான்.

13. அவ எழுதின லெட்டர் எல்லாம் எங்க போச்சு?

ரோமுக்கு வந்த கடிதங்களைக் கீட்ஸ் பிரிக்கவே இல்லை. அவள் கையெழுத்தைப் பார்க்கும் வலியே தாங்கவில்லை. பிரிக்காமலேயே அவை அவரோடு புதைக்கப்பட்டன. இத்தாலியிலிருந்து ஃபேனிக்கு அவரும் நேராக எழுதவில்லை. நேப்பிள்ஸிலிருந்து அவள் தாய்க்கு எழுதிய கடிதத்தின் அடியில், அவளுக்கு ஒரு வரி விடை மட்டும் சொன்னார். ஃபேனி எழுதிய முந்தைய கடிதங்களும் மிஞ்சவில்லை.

கல்லறையில் தன் பெயர் வேண்டாம், ‘நீரில் பெயர் எழுதப்பட்ட ஒருவன் இங்கே கிடக்கிறான்’ என்ற வரி போதும் என்றார் கீட்ஸ். மூதுரையில் ‘நீர்மேல் எழுத்து’ படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (கல்லில் உள்ள தேதி பிப்ரவரி 24. ஒரு நாள் பிசகு.)

14. கடைசியில மோதிரத்தைக் கழட்டவே இல்லைன்னு போடறாங்க. ஆனா அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாளாமே? ஏமாத்து வேலையா இது?

மிகக் கடுமையாகக் கேட்கப்படும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஃபேனி பல ஆண்டு துக்க உடையில் இருந்தார். 1833-இல், கீட்ஸ் இறந்து 12 ஆண்டு கழித்து, தன்னைவிட இளையவரான லூயிஸ் லிண்டோவை மணந்தார். மூன்று குழந்தைகள். 1865-இல் இறந்தார். நிச்சயதார்த்த மோதிரம் இன்று கீட்ஸ் ஹவுஸில் இருக்கிறது. படம் சொன்னதில் பெரிய பிழை இல்லை, சொல்லாமல் விட்டதில்தான் பிழை. திருமணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஃபேனி குறைந்துபோயிருக்க மாட்டார். மறக்காமலேயே வாழ்ந்து காட்டியவர் என்று இன்னும் உயர்ந்திருப்பார். இந்த ஓர் இடத்தில் படத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

கீட்ஸின் கடிதங்களை அவர் கணவருக்குத் தெரியாமல் கடைசிவரை வைத்திருந்து பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். அவை 1878-இல் அச்சானபோது, இவ்வளவு தவித்தவனுக்கு இந்தப் பெண் தகுதியானவளா என்று விமர்சகர்கள் ஃபேனியைத்தான் ஏசினார்கள். 1930-களில், அவர் கீட்ஸின் தங்கைக்கு எழுதிய 31 கடிதங்கள் வெளியாகின. அவற்றில் தெரிந்த கூர்மையும் பரிவும்தான் அந்தப் பழியைக் கழுவின. படத்தின் ஃபேனி அந்த 31 கடிதங்களிலிருந்து எழுந்து வந்தவள்.

15. தலைப்புக் கவிதை அவளுக்காகவே எழுதினதா?

எப்போது எழுதத் தொடங்கினார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பிரவுனின் படியில் 1819 என்று இருக்கிறது. இத்தாலிக்குப் போகும் வழியில் கீட்ஸ் அதைத் திருத்தி, ஷேக்ஸ்பியர் கவிதைத் தொகுதி ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் எழுதினார். அதனால் அது அவருடைய கடைசிக் கவிதை என்று நெடுங்காலம் தவறாக நம்பப்பட்டது. விண்மீனைப்போல் அசையாமல் இருக்க வேண்டும், ஆனால் தனிமையில் இல்லை, காதலியின் மூச்சைக் கேட்டபடி என்கிறது கவிதை. எழுதும்போது மனத்தில் யார் இருந்தாலும், கப்பலில் திருத்தும்போது இருந்தது ஃபேனிதான் என்பதே எங்கள் வாசிப்பு.

16. பேர் எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் எழுந்து வந்துட்டோம். எதையாவது தவற விட்டோமா?

ஆமாம். பெயர்கள் ஓடும்போது பென் விஷா நைட்டிங்கேல் பாட்டைச் சொல்கிறார். கூடவே வருவது, முன்பு விருந்தில் நண்பர்கள் வாயாலேயே வாத்தியங்களாக மாறிப் பாடிய அதே மொட்சார்ட் இசை. (கீட்ஸும் நண்பர்களும் நிஜமாகவே இப்படி ஆளுக்கொரு வாத்தியமாகக் குரல் கொடுத்துக் கச்சேரி நடத்தியதுண்டு.) பனிவெளியில் கறுப்பு உடையில் ஃபேனி தலைப்புக் கவிதையைச் சொல்லிக்கொண்டு நடந்துபோனதும் திரை இருண்டு இந்தக் குரல் தொடங்குகிறது. வீட்டில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில ஒளிபரப்புத் தளங்கள் பெயர்கள் தொடங்கியதுமே திரையைச் சுருக்கி அடுத்த படத்துக்குத் தாவிவிடும். தானாக அடுத்ததை ஓட்டும் வசதியைப் படம் தொடங்கும் முன்பே அணைத்துவையுங்கள்.